தெருவும் தேர்ச்சியும்



ஆண்டுதோறும் பொதுத் தேர்வின் முடிவுகள் வெளியாகும் நாளில் ஒரு பட்டியல் வருகிறது. முன்பெல்லாம் அது பள்ளியின் அறிவிப்புப் பலகையில் தொங்கியது; இன்று கைப்பேசிக்கே வந்து சேர்கிறது. எவ்வழியில் வந்தாலும் அதில் காண்பவை மூன்றே செய்திகள்: மாணவரின் பெயர், பதிவெண், மதிப்பெண். அம்மாணவர் எந்தத் தெருவில் வாழ்கிறார் என்னும் நான்காவது செய்தி அதில் இராது. முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி 2019-இல் ஓய்வு பெற்ற நான், அந்த நான்காவது செய்தியைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

வீட்டின் வறுமை பிள்ளையின் படிப்பைக் கெடுக்கும் என்பதை எல்லோரும் அறிவோம். நான் சொல்லப்போவது அதனோடு தொடர்புடையதாயினும் வேறான ஒன்று. ஏழைக் குடும்பம் ஒன்று நல்ல தெருவில் வாழலாம். அத்தெருவில் குழாயில் தண்ணீர் வரும், விளக்கு எரியும், நடந்து செல்லும் தொலைவில் நூலகமும் மருத்துவமனையும் இருக்கும், கல்லூரிக்குச் செல்லும் அண்ணனோ அக்காளோ அடுத்த வீட்டில் இருப்பர். அதே வருவாயுள்ள மற்றொரு குடும்பம் இவை ஒன்றும் இல்லாத இடத்தில் வாழலாம். இவ்விரு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில், ஒரே பலகையில் அமர்ந்து, ஒரே தேர்வை எழுதுகின்றனர். அவர்களுடைய மதிப்பெண்களில் வேறுபாடு தோன்றினால், அதனைப் பிள்ளையின் கணக்கில் எழுதுவதா, தெருவின் கணக்கில் எழுதுவதா? இதுவே என் கேள்வி.

‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். இளம் ஆசிரியனாக இருந்தபோது இப்பழமொழியை நான் அடிக்கடி எடுத்தாண்டதுண்டு. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எமக்குத் தனியாள் வேற்றுமைகளைப் பற்றிக் கற்பித்தார்கள். நுண்ணறிவு ஈவைக் கணக்கிடக் கற்பித்தார்கள். ஊக்கம், கவனம், நினைவு ஆகியவற்றைப் பற்றி விரிவாகக் கற்பித்தார்கள். அவையெல்லாம் பயனுள்ளவையே. ஆயினும் அவை அனைத்தும் என் பார்வையைக் குழந்தையின் உள்ளேயே திருப்பின. வேறுபாடு எதுவாயினும் அதன் காரணம் குழந்தைக்குள்தான் இருக்கும் என்று நான் நம்பிவிட்டேன். பயிர் வாடினால் உழவன் முதலில் மண்ணையும் நீரையும் பார்க்கிறான், முளையைக் கடிந்துகொள்வதில்லை. இந்த எளிய உண்மை எனக்கு எட்டச் சில ஆண்டுகள் ஆயின. அதனை எனக்குக் கற்பித்தவள் ஒரு மாணவி.

அப்போது நான் வடசென்னையில், இருப்புப் பாதைக்கும் கால்வாய்க்கும் இடைப்பட்ட பகுதியில் இருந்த ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியனாகவும் பத்தாம் வகுப்பு ஒன்றின் வகுப்பாசிரியனாகவும் இருந்தேன். ஆண்டு 2003. மழை பொய்த்து, ஏரிகள் வற்றி, சென்னை நகரம் தண்ணீருக்குத் தவித்த காலம் அது. பல தெருக்களில் குழாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. தெருமுனையில் கறுப்புத் தொட்டிகளை வைத்திருந்தார்கள். லாரி வந்து அவற்றை நிரப்பும். வரும் நேரம் ஒருவருக்கும் தெரியாது. ஆதலின் இரவிலேயே பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக வந்து அமர்ந்துவிடும்.

என் வகுப்பில் கணக்கில் சிறந்தவளாக விளங்கிய மாணவி ஒருத்தி, காலாண்டுத் தேர்வில் 82 மதிப்பெண் பெற்றவள், அரையாண்டுத் தேர்வில் 41 பெற்றாள். வகுப்பில் கண்களைத் திறந்து வைத்துக்கொள்ளவே அவளால் இயலவில்லை. நான் எல்லோர் முன்னிலையிலும் அவளை எழுப்பி நிறுத்திக் கடிந்துகொண்டேன். தேர்ச்சி அறிக்கையில் ‘கவனக் குறைவு, சோம்பல்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவள் அதனை வாங்கிக்கொண்டு ஒரு சொல்லும் பேசாமல் சென்றாள். மறுநாள் அவளுடைய தாயின் கைந்நாட்டுடன் அது திரும்பி வந்தது.

அன்று மாலை எங்கள் பள்ளியின் ஆயா என்னிடம் வந்தார். “ஐயா, அந்தப் பிள்ளை இரவெல்லாம் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கிறது. அதன் தாய் விடியுமுன்னே வீட்டு வேலைக்குப் போய்விடுகிறாள். தம்பியோ சிறியவன். அந்தப் பிள்ளை வகுப்பில் தூங்காமல் என்ன செய்யும்?” என்றார்.

நான் அதனை முழுவதும் நம்பவில்லை. மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்கு அத்தெருவுக்குச் சென்றேன். தெருவிளக்கின் கீழே எழுபது எண்பது குடங்கள் வரிசையாக இருந்தன. அவற்றின் நடுவே அவள் அமர்ந்திருந்தாள். கையில் புத்தகம் இருந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. இருந்திருந்தால் இந்நிகழ்ச்சி கேட்பதற்கு இன்னும் இனிமையாக இருந்திருக்கும். அவள் குடத்தின் மேல் தலையைச் சாய்த்து உறங்கிக்கொண்டிருந்தாள். அவளை எழுப்பாமல் திரும்பி வந்தேன்.

நான் கணக்கு ஆசிரியன். ஆதலின் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தண்ணீருக்காக ஒரு பிள்ளை நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்தை இழக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி நடைபெறும் நாட்கள் 200 என்று கொண்டால் இழப்பு 400 மணி நேரம். பள்ளியில் பாடம் நடப்பது நாளுக்கு ஐந்து மணி நேரம். 400-ஐ ஐந்தால் வகுத்தால் 80. அதாவது, அப்பிள்ளை ஒரு நாளும் விடுப்பு எடுக்காமல் வந்தும், 80 நாட்கள் பள்ளிக்கு வாராத பிள்ளையின் நிலையில் இருக்கிறது. வருகைப் பதிவேடு இதனைக் காட்டாது.

அதன் பின்னர் என் மாணவர்களின் தெருக்களை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். தெரு எவ்வெவ் வழிகளில் புத்தகத்திற்குள் நுழைகிறது என்பது மெல்ல மெல்லப் புலப்பட்டது. சாக்கடை தேங்கிய இடத்தில் கொசு, கொசுவால் காய்ச்சல், காய்ச்சலால் விடுப்பு. விடுப்பு எடுத்த நாட்களில்தான் இயற்கணிதத்தின் முதற்பாடம் நடந்திருக்கும். அதனை அறியாதவனுக்கு அடுத்த பத்துப் பாடங்களும் இருளே. பத்தடிக்குப் பத்தடி அறையில் ஐவர் வாழும்போது, ஒருவர் படிக்க வேண்டுமானால் நால்வர் வாய் மூடியிருக்க வேண்டும். சண்டையும் கூச்சலும் மிகுந்த தெருவில் இரவு பத்து மணிக்கு முன் உறக்கம் வாராது. எல்லாவற்றுக்கும் மேலாக, படித்து நல்ல வேலைக்குச் சென்றவர் ஒருவரையும் கண்ணால் காணாத தெருவில், படிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று ஒரு பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

ஓர் ஆசிரியனின் அனுபவம் மட்டும் சான்றாகிவிடாது என்று கல்லூரி மாணவர்கள் சொல்லக்கூடும். அது நியாயமே. ஆகவே, இப்பொருளை முறையாக ஆராய்ந்தவர்கள் கண்டவற்றுள் சிலவற்றைச் சொல்கிறேன். இத்துறையில் புகழ்பெற்ற ஆய்வுகள் பல அமெரிக்காவில் நடந்தவை.

முதலில் ஓசையைப் பற்றியது. நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதியில் விரைவு நெடுஞ்சாலைக்கு நேர் மேலே 32 மாடிக் கட்டடங்கள் நான்கு நிற்கின்றன. அவற்றில் வாழ்ந்த குழந்தைகளைக் கோஹன், கிளாஸ், சிங்கர் என்னும் மூன்று உளவியலாளர்கள் ஆராய்ந்து 1973-இல் தம் முடிவை வெளியிட்டனர். கீழ்மாடிகளில் வண்டிகளின் இரைச்சல் மிகுதி. மேலே செல்லச் செல்லக் குறைவு. அக்கட்டடங்களில் நான்கு ஆண்டுகளுக்குக் குறையாமல் வாழ்ந்தவர்களுள், கீழ்மாடிக் குழந்தைகள் ஒத்த ஒலியுடைய சொற்களைப் பிரித்தறிவதிலும் படிப்பதிலும் மேல்மாடிக் குழந்தைகளைவிடப் பின்தங்கியிருந்தனர். இரைச்சலைப் பொறுக்க முடியாத குழந்தை தன் காதைத் தானே மூடிக்கொள்ளப் பழகிவிடுகிறது. அப்போது இரைச்சலோடு சேர்த்துப் பேச்சின் நுட்பத்தையும் இழந்துவிடுகிறது என்று அவர்கள் விளக்கினர். இருப்புப் பாதை ஓரத்துப் பிள்ளைகள் சிலர் ‘மலை’ என்பதற்கும் ‘மழை’ என்பதற்கும் வேறுபாடு அறியாமல் எழுதியபோது நானும் என் உடனாசிரியர்களும் அவர்களை ஐம்பது முறை எழுதச் சொன்னோம். பிழைக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனால் இரைச்சலும் ஒரு காரணமாகலாம் என்ற ஐயம் எங்களுக்குத் தோன்றவேயில்லை.

அதே மன்ஹாட்டனில் ஒரு தொடக்கப் பள்ளி. அதன் ஒரு பக்கத்து வகுப்பறைகள் உயர்பாலத்தில் ஓடும் இரயில் பாதையை நோக்கியிருந்தன. மறுபக்கத்து அறைகள் அமைதியானவை. ஆர்லின் பிரான்சாஃப்ட் என்னும் உளவியல் பேராசிரியை இரு பக்கத்துக் குழந்தைகளின் படிப்புத் திறனையும் ஒப்பிட்டு 1975-இல் எழுதினார். இரைச்சல் பக்கத்துக் குழந்தைகள் பின்தங்கியிருந்தனர். ஆறாம் வகுப்பை எட்டும்போது அந்த இடைவெளி ஏறத்தாழ ஓர் ஆண்டுப் படிப்புக்குச் சமமாக இருந்தது. இதன் பயனாகத் தண்டவாளத்தின் அடியில் இரப்பர் மெத்தைகள் பொருத்தப்பட்டன. வகுப்பறைக் கூரைகளில் ஓசையை உறிஞ்சும் தட்டிகள் அமைக்கப்பட்டன. பின்னர் அவர் மீண்டும் ஆராய்ந்து 1981-இல் வெளியிட்டபோது, இரு பக்கத்துக் குழந்தைகளுக்கும் இடையே வேறுபாடு இல்லை. எவ்வளவு பெரிய பாடம் இது! குழந்தைகளை ஒருவரும் திருத்தவில்லை. தண்டவாளத்தைத் திருத்தினார்கள், குழந்தைகளின் படிப்பு உயர்ந்தது.

ஓசை ஒரு கூறே. தெரு முழுவதையும் எடுத்துக்கொண்டால் என்ன? 1966-இல் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன், அமெரிக்க அரசின் பொருட்டு ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை ஆராய்ந்து ஓர் அறிக்கை அளித்தார். கட்டடமும் கருவிகளும் நல்லவையாக இருந்தால் கல்வியும் நன்றாக இருக்கும் என்றுதான் பலரும் எதிர்பார்த்தனர். அறிக்கையோ, குடும்பத்தின் நிலையே மிகப் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது என்றும், அதற்கு அடுத்தபடியாக உடன் படிக்கும் மாணவர்கள் எத்தகைய பின்னணியிலிருந்து வருகின்றனர் என்பது பள்ளியின் வசதிகளைவிட முதன்மையானது என்றும் கூறிற்று. வறுமை ஓரிடத்தில் குவிந்தால் அதன் சுமை ஒவ்வொரு குழந்தையின் மேலும் கூடுதலாக விழுகிறது என்பது இதன் பொருள்.

அப்படியானால் குடும்பத்தை வேறிடத்திற்கு மாற்றினால் பிள்ளை முன்னேறுமா? இக்கேள்விக்கு விடை காண 1994 முதல் 1998 வரை பாஸ்டன், பால்டிமோர், சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களில் ஒரு பெருஞ்சோதனை நடந்தது. வறுமை மிகுந்த குடியிருப்புகளில் வாழ்ந்த ஏறத்தாழ 4,600 குடும்பங்கள் அதில் சேர்ந்தன. குலுக்கல் முறையில் சிலருக்கு வறுமை குறைந்த பகுதிகளில் குடியேற வாடகை உதவி கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. முதலில் வந்த முடிவுகள் ஏமாற்றம் தந்தன. தாய்மாரின் மனநலம் மேம்பட்டது. பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண்களோ குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை. ‘தெருவை மாற்றிப் பயனில்லை’ என்று சிலர் முடிவு கட்டிவிட்டனர்.

பல ஆண்டுகள் கழித்து, புதுதில்லியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றும் பொருளியல் அறிஞர் ராஜ் செட்டி, ஹெண்ட்ரன், காட்ஸ் என்னும் இருவரோடு சேர்ந்து அதே குடும்பங்களின் பிள்ளைகளை மீண்டும் ஆராய்ந்தார். அதற்குள் அவர்கள் வளர்ந்து பெரியவர்களாகியிருந்தனர். 2016-இல் வெளியான அவ்வாய்வின் முடிவு கருதத்தக்கது. பதின்மூன்று வயதுக்கு முன் நல்ல பகுதிக்குக் குடியேறிய பிள்ளைகள் கல்லூரிக்குச் செல்வது கூடியிருந்தது. இருபத்தைந்து வயதையொட்டி அவர்களுடைய வருவாய், அவ்வாய்ப்புக் கிடைக்காதவர்களுடையதைவிட ஏறத்தாழ 31 விழுக்காடு மிகுதியாக இருந்தது. பதின்மூன்று வயதுக்குப் பின் குடியேறியவர்களுக்கோ நன்மை இல்லை. சிறிது இழப்பே காணப்பட்டது. நல்ல தெருவில் வாழ்ந்த ஆண்டுகள் கூடக்கூடப் பயன் கூடுகிறது; வளர்ந்த பிள்ளையை வேரோடு பெயர்த்து நடுவதில் ஒரு நட்டமும் இருக்கிறது. நாற்றைப் பிடுங்கி நடுவதற்கும் ஒரு பருவம் உண்டு என்பதை நம் உழவர்கள் அறிவார்கள்.

இந்த இடத்தில் நம் சென்னையைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டும். குடிசைப் பகுதி மக்களுக்கு நல்ல வீடு அளிப்பதற்கென்றே 1970-இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தோன்றியது. 2021-இல் அதன் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. தொடக்க காலத்தில் குடிசைகள் இருந்த இடத்திலோ அதன் அருகிலோ மாடி வீடுகள் எழுந்தன. 2000-ஆம் ஆண்டு முதல் நகரின் தெற்கே, மையப் பகுதியிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில் கண்ணகி நகர் உருவாயிற்று. பின்னர் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என அடுத்தடுத்துப் பெருங்குடியிருப்புகள் தோன்றின. 2015-ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின் ஆற்றங்கரைகளில் வாழ்ந்த பல குடும்பங்கள் பெரும்பாக்கத்திற்குச் சென்றன. ஓலைக் கூரைக்குப் பதில் கான்கிரீட் கூரை கிடைத்தது. வெள்ளத்தின் அச்சம் நீங்கியது. இவை சிறிய நன்மைகள் அல்ல. ஆயினும், அமெரிக்கச் சோதனையில் குடும்பங்கள் வறுமை குறைந்த பகுதிக்குச் சென்றன. இங்கோ ஏழைக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றாகவே ஓரிடத்தில் குடியேறின. வீடு மாறியது, சுற்றுப்புறத்தின் வறுமை குவிந்தவாறே இருந்தது. வேலையும் பழைய பள்ளியும் பின்னே நின்றுவிட்டன.

நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனின் குடும்பம் கல்வியாண்டின் நடுவே நகரின் வேறோர் எல்லைக்குக் குடிபெயர நேர்ந்தது. அவன் பழைய பள்ளியை விட மனமில்லாமல் இரண்டு பேருந்துகள் மாறி வந்துகொண்டிருந்தான். விலையில்லாப் பயண அட்டை இருந்தது. ஆனால் நேரத்தைத் தரும் அட்டை எங்கே உண்டு? விடியற்காலை ஐந்தரை மணிக்குப் புறப்பட்டால்தான் காலை வணக்கத்துக்கு வந்து சேர முடியும். முதலில் வாரத்திற்கு ஐந்து நாள் வந்தான். பிறகு மூன்று நாள். பிறகு ஒரு நாள். ஆண்டுத் தேர்வுக்கு வரவில்லை. மாற்றுச் சான்றிதழ் பெறவும் எவரும் வரவில்லை. பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே ‘இடைநின்றவன்’ என்று எழுதினோம். அவனாகவே நின்றான் என்பது போல அச்சொல் ஒலிக்கிறது.

நேயர்களே, இவற்றைக் கேட்ட எவரேனும், ‘அப்படியானால் இத்தகைய தெருவில் பிறந்த பிள்ளைக்கு விமோசனமே இல்லையா?’ என்று கேட்டால், நான் உடனே மறுப்பேன். இத்தகைய தெருக்களிலிருந்து மருத்துவர்களும் பொறியாளர்களும் ஆசிரியர்களும் தோன்றியிருக்கின்றனர்; என் மாணவர்களிலேயே உள்ளனர். 2025-இல் நடைபெற்ற ஆசிய இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் கபடியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் கண்ணகி நகரைச் சேர்ந்த இளம்பெண் ஒருத்தி இருந்தாள். ஊருக்கு ஆடுகளமும் அக்கறையுள்ள பயிற்சியாளரும் வாய்த்தால் அதே தெரு என்ன தரக்கூடும் என்பதற்கு அது சான்று.

ஆனால் இங்கே நாம் செய்யும் ஒரு பிழையையும் சுட்ட வேண்டும். இத்தகைய வெற்றிகளைக் கண்டவுடன், ‘சேற்றில் முளைத்த செந்தாமரை’ என்று மேடையில் புகழ்கிறோம். தாமரையைப் புகழ்வது நன்று. ஆனால், ‘ஒரு தாமரை மலர்ந்ததே, மற்றவை ஏன் மலரவில்லை?’ என்று மற்றப் பிள்ளைகளைக் கேட்கத் தொடங்கிவிடுகிறோம். குளத்தில் நூறு மொட்டுகள் இருந்தன. ஒன்றுதான் மலர்ந்தது என்றால், கேட்க வேண்டிய கேள்வி மொட்டுகளைப் பற்றியதா, குளத்தைப் பற்றியதா? தெருவே விதி என்று கைவிடுவது ஒரு பிழை. தெருவுக்கும் படிப்புக்கும் தொடர்பே இல்லை என்று பிள்ளையை மட்டும் பழிப்பது மற்றொரு பிழை. ஆசிரியர்களாகிய நாங்கள் இரண்டையும் செய்திருக்கிறோம்.

தெருவின் குறையைப் பொதுமுயற்சியால் ஈடு செய்ய முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டைவிட வேறு சான்று வேண்டுவதில்லை. 1920-இல் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் சிற்றுண்டி வழங்கும் முயற்சி தொடங்கியது. 1956-இல் முதலமைச்சர் காமராசர், கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு போன்றோரின் துணையுடன், ஊராரின் நன்கொடையோடு பள்ளிப் பகலுணவுத் திட்டத்தைப் பரப்பினார். 1982-இல் எம்.ஜி.இராமச்சந்திரன் காலத்தில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-இல் காலை உணவுத் திட்டம் தொடங்கி, 2023-இல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிவடைந்தது. வானம் பார்த்த பூமியில் இருந்த ஒரு சிற்றூரில், அறுபதுகளின் இறுதியில், அந்தப் பகலுணவுத் தட்டை ஏந்தி வரிசையில் நின்ற சிறுவர்களில் நானும் ஒருவன். அத்தட்டு இல்லாதிருந்தால் இன்று உங்கள் முன் பேசும் வாய்ப்பு எனக்குக் கிட்டியிராது. வீடும் தெருவும் தர இயலாததைப் பள்ளி தந்தது.

பெரிய திட்டங்களுக்குக் காத்திராமல் சிறியவையும் செய்யலாம். அந்த 2004-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அப்போதைய எங்கள் தலைமையாசிரியரின் இசைவோடு இரண்டு செயல்கள் செய்தோம். அத்தெருப் பெரியவர்களைக் கண்டு பேசினோம். பொதுத் தேர்வு எழுதும் பிள்ளைகளின் குடங்களைப் பிறர் முறை வைத்துக் காத்துக்கொள்வது என்று அவர்கள் ஒப்பினர். பள்ளியின் இரண்டு அறைகளை மாலை ஆறு மணி முதல் எட்டரை மணி வரை திறந்து வைத்தோம். அங்கே நாங்கள் பாடம் நடத்தவில்லை; விளக்கும் விசிறியும் அமைதியும் மட்டுமே தந்தோம். பதினேழு பிள்ளைகள் வந்தார்கள். அம்மாணவி பொதுத் தேர்வில் கணக்கில் 74 மதிப்பெண் பெற்றாள். பழைய 82 திரும்பி வரவில்லை. ஆனால் 41-லும் அவள் நிற்கவில்லை.

மாணவ மணிகளே, உங்களால் இயன்றவற்றையும் சொல்லி முடிக்கிறேன். நல்ல தெருவில் வாழ்பவர்கள், தம் மதிப்பெண்ணில் தம் உழைப்போடு தம் தெருவுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை நினைவில் வையுங்கள். அந்நினைவு செருக்கைக் குறைக்கும். வசதியற்ற தெருவில் வாழ்பவர்கள், மதிப்பெண் குறைந்த நாளில், ‘எனக்கு அறிவில்லை’ என்று முடிவு செய்துவிடாதீர்கள். உங்கள் நேரத்தை எது உண்கிறது என்று கணக்கிடுங்கள். அதனை உங்கள் ஆசிரியரிடம் கூசாமல் சொல்லுங்கள். சொல்லாததை நாங்கள் பலமுறை அறிவதில்லை. கல்லூரி மாணவர்கள் வாரத்தில் இரண்டு மாலைகளைத் தம் தெருக் குழந்தைகளுக்குத் தரலாம். பெருந்தொற்றுக்குப் பின் 2021-இல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில், வீட்டுத் திண்ணைகளிலும் கோவில் வாயில்களிலும் தன்னார்வலர்கள், அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகளைக் கூட்டிவைத்துக் கற்பித்ததை நாம் கண்டோம். தெருவில் கல்லூரிக்குச் செல்பவர் ஒருவர் இருக்கிறார் என்பதே பத்துக் குழந்தைகளுக்கு ஒரு வழிகாட்டி. அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம்.

இன்னும் ஒன்று உள்ளது. அம்மாணவியை நான் வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன் என்றேன். உண்மை தெரிந்த பின், அவளைத் தனியே அழைத்து வருத்தம் தெரிவித்தேன். கடிந்தது நாற்பது பேர் முன்னிலையில். வருந்தியதோ ஒருவரும் அறியாமல். இவ்விரண்டும் சமமல்ல என்பது கணக்கு ஆசிரியனாகிய எனக்கு அன்று தோன்றவில்லை. நாற்பது பேரும் பள்ளியை விட்டுச் சென்றுவிட்டார்கள். அவர்களுள் சிலர் இன்று தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் எவரேனும் இதனைக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடும். ஆதலின் எல்லோரும் அறிய இப்போது சொல்கிறேன்: அந்தத் தேர்ச்சி அறிக்கையில் நான் எழுதிய ‘சோம்பல்’ என்னும் சொல் தவறு. அவள் எங்கள் வகுப்பில் எவரினும் மிகுதியாக உழைத்த மாணவி.